பத்திரமும் சம்பளச் சீட்டும்: ஆரம்பாக்கம் பக்கம் வீட்டுக் கடன் யாருக்குக் கிடைக்கிறது?

சென்னையிலிருந்து கல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே போனால் தமிழ்நாடு முடிகிற இடம் ஆரம்பாக்கம். அதைத் தாண்டினால் ஆந்திரத்தின் தடா. தடாவுக்கு மேற்கே சத்தியவேடு பக்கமாக ஸ்ரீசிட்டி விரிந்து கிடக்கிறது. தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட், கிழக்கே பழவேற்காடு ஏரி. இரண்டு மாநிலத் தொழிற்பேட்டைகளுக்கு நடுவில் இருக்கும் ஊரில் மனை விலை ஏன் ஏறுகிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்குகிற தொழிலாளி, வாடகை வீட்டில் மாதாமாதம் கொட்டுகிற பணத்தைத் தவணையாகக் கட்டினால் சொந்த வீடாகிவிடுமே என்று யோசிப்பதும் இயல்புதான்.

ஆனால் அந்த யோசனை செயலாகும்போது வரிசை தலைகீழாகிவிடுகிறது. முதலில் மனை பார்க்கிறார்கள், பிடித்துப்போகிறது. புரோக்கர் அவசரப்படுத்துவதால் முன்பணம் கொடுத்து, மூன்று மாதக் கெடுவோடு கிரய ஒப்பந்தம் போடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் வங்கிக்குப் போகிறார்கள். வங்கி 'இந்த இடத்துக்குக் கடன் வராது' என்றோ, 'உங்கள் சம்பளத்துக்கு இவ்வளவுதான்' என்றோ சொல்லும்போது, முன்பணம் ஏற்கெனவே இன்னொருவர் கையில் இருக்கிறது. வீட்டுக் கடன் என்றதும் எல்லோரும் வட்டி விகிதத்தைப் பற்றியே பேசுகிறோம். இந்த வட்டாரத்தில் கடன் கிடைப்பதும் கிடைக்காததும் வட்டிக்கு வெகு முன்பே, நிலத்தின் காகிதத்திலும் கூலியின் காகிதத்திலும் முடிவாகிவிடுகிறது என்பது என் கருத்து.

நிலத்திலிருந்து தொடங்கலாம். வங்கி ஒரு சொத்தை அடமானமாக ஏற்பதற்கு முன் தன் பேனல் வக்கீலிடம் 'லீகல் ஒப்பீனியன்' கேட்கிறது. அவர் பொதுவாக முப்பது ஆண்டுக்கான மூலப் பத்திரங்களையும் வில்லங்கச் சான்றையும் கேட்பார். பட்டா யார் பெயரில் இருக்கிறது, நிலம் நஞ்சையா புஞ்சையா நத்தமா, மனைப் பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா, வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். அக்காவும் தங்கையும் விடுதலைப் பத்திரம் எழுதித் தராமல் அண்ணன் மட்டும் விற்ற சொத்து இங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

சென்னையைச் சுற்றியுள்ள மாவட்டங்களில் இதைவிடப் பெரிய முட்டுக்கட்டை அங்கீகாரமில்லாத மனை. விளைநிலத்தைக் கல் நட்டுப் பிரித்து, அனுமதி எதுவும் வாங்காமல் விற்பது பல்லாண்டுப் பழக்கம். 'யானை' ராஜேந்திரன் தொடுத்த வழக்கில் 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. பத்திரப்பதிவு அலுவலகங்கள் மாதக்கணக்கில் வெறிச்சோடின. 2017 மே மாதத்தில் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன்பு மனையாகப் பதிவானவற்றைக் கட்டணம் கட்டி வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம் என்றானது. அந்தத் தேதிக்கு முன் ஒருமுறை மனையாகப் பதிவானதை மறுபடி விற்றுப் பதிவு செய்யவும் வழி பிறந்தது.

சாதாரண மனிதர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். 'பதிவாகும்' என்பதை 'கடன் கிடைக்கும்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். சார்பதிவாளர் பத்திரத்தைப் பதிவு செய்துவிடலாம். ஆனால் வரன்முறை ஆணையோ, நகர் ஊரமைப்பு இயக்ககம் (டிடிசிபி) அல்லது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சிஎம்டிஏ) தந்த அங்கீகார எண்ணோ இல்லாத மனைக்கு வங்கி கடன் தராது. வரன்முறை ஆகாத மனைக்குக் கட்டட அனுமதியும் கிடைக்காது, அனுமதி இல்லாமல் வீடு கட்டக் கடனும் இல்லை. விளம்பரத் தட்டியில் பெரிய எழுத்தில் 'பஞ்சாயத்து அப்ரூவ்டு' என்று இருந்தால் உஷாராகிவிட வேண்டும். மனைப் பிரிவுக்கு அங்கீகாரம் தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கு இல்லை.

நஞ்சை, புஞ்சை விஷயத்திலும் ஒரு சட்டக் காரணம் ஒளிந்திருக்கிறது. கடன் கட்டத் தவறினால் நீதிமன்றம் போகாமலே சொத்தை எடுத்துக்கொள்ள வங்கிகளுக்கு அதிகாரம் தந்தது 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம். அதன் 31-ஆம் பிரிவு விவசாய நிலத்துக்கு விலக்கு அளிக்கிறது. விவசாயியைக் காக்க வந்த விதி அது. ஆனால் பட்டாவில் இன்னும் நஞ்சை என்றே இருக்கிற மனையைக் கண்டால் வங்கி தயங்குவதற்கும் அதுதான் காரணம். நாளைக்கு எடுக்க முடியாத சொத்தின் பேரில் இன்றைக்குப் பணம் தர எந்த வங்கி முன்வரும்?

இந்த வட்டாரத்தில் வேர் கொண்ட இன்னொரு வகை, ஒடுக்கப்பட்டோருக்கு அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலம். பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கம் அன்றைக்குச் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தின் கலெக்டர் டிரமென்ஹீர் 1891-இல் பறையர் மக்களின் நிலைமையை விவரித்து எழுதிய அறிக்கைதான், அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் அரசாணைக்கு வித்திட்டது. பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் அதே பிரிவினருக்குத்தான் கைமாற்ற வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிபந்தனையை மீறிக் கைமாறிய நிலம் பல பத்திரங்களைத் தாண்டி இன்று யார் பெயரில் இருந்தாலும், பழைய 'அ' பதிவேட்டைப் புரட்டினால் நிபந்தனை வெளியே வந்துவிடும். நியாயமாகப் பார்த்தால் வங்கி வக்கீல் இங்கே கண்டுபிடிப்பது ஒரு சட்டக் குறைபாட்டை மட்டும் அல்ல, ஒரு பழைய அநீதியையும்தான். தெரியாமல் வாங்கிய தொழிலாளி அந்த அநீதிக்குத் தன் சேமிப்பால் விலை கொடுக்கிறார். ஏரிக்கரைப் பக்கம் வாங்குகிறவர்கள் இதோடு கடலோர ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தையும் பார்த்தாக வேண்டும்.

ஆக, லீகல் ஒப்பீனியன் என்பது வங்கிக்காக வங்கி கேட்கும் சான்று என்று நினைப்பது தவறு. முன்பணத்துக்கு முன்பே சில ஆயிரம் ரூபாய் செலவழித்து நாமே ஒரு வக்கீலிடம் கேட்டு வாங்க வேண்டிய சான்று அது.

இனி கூலியின் காகிதம். வங்கி கேட்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்: மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம், படிவம் 16, பி.எஃப். பாஸ்புக், ஆதார், பான். நிரந்தரத் தொழிலாளிக்கு இது ஒரு மதிய நேரத்து வேலை. சிப்காட்டிலும் ஸ்ரீசிட்டியிலும் ஒப்பந்தக்காரர் மூலமாக வேலை பார்க்கிறவரின் நிலை வேறு. வருகிற சம்பளத்தில் ஓவர்டைம் ஒரு பெரும்பகுதி, அது மாதத்துக்கு மாதம் மாறும். ஒப்பந்தக்காரர் மாறினால் முதலாளியின் பெயரே மாறும். ஒரே லேத்தில் எட்டு வருஷம் நின்றவராக இருந்தாலும், காகிதத்தின்படி அவர் 'புதிய வேலையில் பத்து மாதம்' ஆனவர்தான்.

சம்பளம் சரியாக இருந்தாலும் எவ்வளவு கடன் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. கைக்கு வரும் வருமானத்தில் ஏறத்தாழ பாதிக்கு மேல் எல்லாத் தவணைகளும் சேர்ந்து போகக் கூடாது என்பது பொதுவாக வங்கிகள் வைத்திருக்கும் அளவுகோல். ஒருவருக்குக் கையில் வருவது 24,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பாதி 12,000. வண்டித் தவணை 3,500, செல்போனும் பிரிட்ஜும் வாங்கிய தவணை 1,500. மிச்சம் 7,000. எட்டரை சதவீத வட்டியில் இருபது ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 868 ரூபாய். 7,000 ரூபாய்த் தவணைக்குக் கிடைப்பது சுமார் 8 லட்சம். அந்தச் சில்லறைத் தவணைகள் இரண்டையும் முடித்துவிட்டுப் போனால் அதே சம்பளத்துக்கு ஏறத்தாழ 13.8 லட்சம் கிடைக்கும். மாதம் 5,000 ரூபாய்த் தவணை, வீட்டுக் கடனில் ஐந்தே முக்கால் லட்சத்தை விழுங்கிவிடுகிறது. 'ஜீரோ டவுன் பேமெண்ட்' என்று டிவி வாங்கும்போது இதை யாரும் சொல்வதில்லை.

வயதும் கணக்கில் வரும். சம்பளக்காரரின் கடன் பொதுவாக ஓய்வு வயதுக்குள் முடிந்தாக வேண்டும் என்பதால், 45 வயதில் போகிறவருக்கு இருபது ஆண்டுத் தவணை கிடைப்பது கடினம். மனைவியும் வேலைக்குப் போகிறவர் என்றால் இணை விண்ணப்பதாரராகச் சேர்த்து வருமானத்தைக் கூட்டிக்காட்டலாம். ஆனால் அவர் பெயரில் இருக்கும் மகளிர் குழுக் கடனும் அதோடு கூடவே வரும். குழுக் கடன்கள் 'கணக்கில் வராதவை' என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நுண்கடன் நிறுவனங்கள் தரும் கடன்களும் கடன் தகவல் நிறுவனங்களின் பதிவில் ஏறுகின்றன.

'சிபில் எவ்வளவு?' என்ற கேள்வி இப்போது பெண் பார்க்கும் இடத்தில்கூட வந்துவிட்டதாகக் கிண்டல் செய்கிறார்கள். சிபில் என்பது நான்கு கடன் தகவல் நிறுவனங்களில் ஒன்று. மதிப்பெண் 300-இலிருந்து 900 வரை. 750-க்கு மேல் இருந்தால் வங்கி முகம் மலரும், 650-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் கதவு சாத்திக்கொள்ளும். ஒவ்வொரு நிறுவனத்திடமிருந்தும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகப் பெற 2017 முதல் நமக்கு உரிமை இருக்கிறது. நண்பருக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து, 'செட்டில்மெண்ட்' பேசி முடித்த பழைய கார்டு பாக்கி எல்லாம் அதில் தெரியும். தவறு இருந்தால் புகார் செய்யலாம். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. இதையும் மனை பார்ப்பதற்கு ஆறு மாதம் முன்பே செய்துவிடுவது நல்லது.

நிலமும் சம்பளமும் தேறிவிட்டாலும் கைக்காசுப் பிரச்சினை ஒன்று நிற்கிறது. 30 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரையிலும், 75 லட்சம் வரை என்றால் 80, அதற்கு மேல் 75 சதவீதம் வரையிலும் வங்கி தரலாம் என்பது ரிசர்வ் வங்கி வைத்த உச்சவரம்பு. எந்த மதிப்பில் என்பதுதான் கேள்வி. 30 லட்சத்துக்குப் பேசிய வீட்டைப் பத்திரத்தில் 20 லட்சம் என்று எழுதினால், வங்கி பார்ப்பது 20 லட்சத்தை. அதில் 90 சதவீதம் 18 லட்சம். மீதி 12 லட்சமும் கையிலிருந்து போக வேண்டும். தமிழ்நாட்டில் முத்திரைத்தாள் 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்தால் 20 லட்சத்துக்கு 1.8 லட்சம். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வீடென்றால் அதையும் கடனில் சேர்க்க முடியாது. முத்திரைத்தாளிலும் பதிவுக் கட்டணத்திலும் 90,000 மிச்சம் பிடிப்பதற்காகப் பத்திர மதிப்பைக் குறைத்து எழுதி, அந்தப் பள்ளத்தை நிரப்ப மூன்று வட்டிக்கும் நான்கு வட்டிக்கும் கைமாற்று வாங்குகிறவர்களைப் பார்த்தால் என்ன சொல்வது? குறைத்து எழுதுவது சட்டத்துக்கு விரோதம் என்பது ஒரு பக்கம். கடன் வாங்குகிறவரின் கணக்குக்கே அது நஷ்டம்.

அடமானம் நடக்கும் விதத்தையும் கொஞ்சம் பார்ப்போம். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 58-ஆம் பிரிவில் ஆறு வகை அடமானங்களைச் சொல்கிறது. நம் ஊரில் பழகிய போக்கியம் அதில் ஒன்று: பணம் கொடுத்தவர் வீட்டை அனுபவித்துக்கொள்வார், வட்டி கிடையாது. வங்கிகள் விரும்புவது வேறொன்று, உரிமைப் பத்திரங்களை ஒப்படைத்துச் செய்யும் அடமானம். கல்கத்தா, மதராஸ், பம்பாய் என்ற மூன்று வணிக நகரங்களின் பெயரைச் சட்டமே சொல்லி, அரசு அறிவிக்கும் மற்ற ஊர்களிலும் செய்யலாம் என்று வழிவிட்டது. நிலம் எங்கே இருந்தாலும் பரவாயில்லை, பத்திரத்தை ஒப்படைக்கும் இடம்தான் அத்தகைய ஊராக இருக்க வேண்டும். ஒப்படைத்தாலே போதும், பதிவு தேவையில்லை என்பதுதான் வியாபாரிகளுக்கு அதில் இருந்த வசதி. ஒரே சொத்தை இரண்டு இடத்தில் வைத்துக் கடன் வாங்கும் மோசடிக்கும் அதுவே வசதியாகிப்போனது. 2012 டிசம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் இந்த ஒப்படைப்பு ஆவணத்தைப் பதிவு செய்வது கட்டாயம். வங்கிகளில் 'எம்.ஓ.டி.' என்று சொல்வது இதைத்தான்.

இதன் விளைவு கடன் முடியும்போதுதான் தெரியும். முழுக் கடனையும் கட்டிப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டால் போதாது. வங்கி தரும் ரசீது ஆவணத்தையும் சார்பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் வில்லங்கச் சான்றில் அந்த அடமானம் காலத்துக்கும் நின்றுகொண்டிருக்கும், பிள்ளைகள் விற்கப் போகும்போது அலைவார்கள். பத்திரங்களைத் திருப்பித் தர வங்கி 30 நாளுக்கு மேல் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ள விதி.

வட்டிக்கு இப்போதுதான் வருகிறேன். 2019 அக்டோபர் முதல் வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் வெளி அளவுகோல் ஒன்றோடு, பெரும்பாலும் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு, கட்டப்பட்டிருக்கின்றன. ரெப்போ 2020 மே மாதம் 4 சதவீதத்துக்கு இறங்கியது. 2022 மே மாதத்தில் ஏறத் தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவீதத்தைத் தொட்டது. இந்த இரண்டரை சதவீதம் ஒரு குடும்பத்துக்கு என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 15 லட்சம் கடன், 7 சதவீத வட்டி, இருபது ஆண்டு. மாதத் தவணை சுமார் 11,630 ரூபாய். முதல் ஆண்டு முழுவதும் வட்டி மாறவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், ஆண்டு முடிவில் அசலில் குறைந்திருப்பது ஏறத்தாழ 35,700 ரூபாய்தான். அப்போது வட்டி 9.5 சதவீதமாகி, தவணை மாறாமல் இருந்தால், அந்த மாதத்துக்கான வட்டி மட்டும் 11,592 ரூபாய். கட்டுகிற 11,630-இல் அசலுக்குப் போவது நாற்பது ரூபாய்க்கும் கீழே. இந்த வேகத்தில் கடன் முடிய அறுபது ஆண்டு ஆகும். தவணை ஏறவில்லையே என்று நிம்மதியாக இருந்த பலருக்குக் கடனின் காலம் சத்தமில்லாமல் நீண்டுகொண்டிருந்தது. வட்டி ஏறும்போது அதைக் கடன்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும், தவணையைக் கூட்டுவதா காலத்தை நீட்டுவதா என்று அவரைக் கேட்க வேண்டும், வட்டிக்கே தவணை போதாத நிலைக்கு விடக் கூடாது என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை அனுப்பியதன் பின்னணி இதுதான். ரெப்போ 2025 பிப்ரவரியிலிருந்து இறங்கத் தொடங்கியது. நீண்டுபோன கடன் காலம் தானாகக் குறைந்திருக்கிறதா என்று தங்கள் கணக்கைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

வெளி அளவுகோல் விதி வங்கிகளுக்கு மட்டும்தான். வீட்டுவசதி நிதி நிறுவனங்கள் தங்கள் சொந்த விகிதத்தை வைத்துக்கொள்ளலாம். சம்பளச் சீட்டு இல்லாத மெக்கானிக், மீன் வியாபாரி, ஒப்பந்தத் தொழிலாளி ஆகியோரை வீட்டிலும் கடையிலும் நேரில் வந்து பார்த்து வருமானத்தை மதிப்பிட்டுக் கடன் தருகிறவை இத்தகைய நிறுவனங்கள்தான். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டே சில இருக்கின்றன. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தாயகம் திரும்பிய தமிழர்களுக்காக 1969-இல் தொடங்கிய ரெப்கோ வங்கியின் வழியில், 2000-இல் பிறந்த ரெப்கோ ஹோம் ஃபைனான்ஸ் அவற்றில் ஒன்று. இந்த நிறுவனங்கள் செய்வது தேவையான வேலை. ஆனால் அதற்கு விலை உண்டு. 15 லட்சத்துக்கு வங்கியில் எட்டரை சதவீதம் என்றால் மாதம் 13,017 ரூபாய். அதே தொகைக்கு 13 சதவீதம் என்றால் 17,574. இருபது ஆண்டில் வித்தியாசம் ஏறத்தாழ 11 லட்சம். ஒரே தெருவில், ஒரே அளவு வீட்டில், ஒரே கம்பெனி பஸ்ஸில் போகும் இரண்டு பேருக்கு இடையே உள்ள வித்தியாசம் இது. உழைப்பில் வித்தியாசம் இல்லை, காகிதத்தில்தான். ஒப்பந்த முறையால் தொழிற்சாலை மிச்சம் பிடிக்கும் பணத்தில் ஒரு பங்கைத் தொழிலாளி தன் வீட்டுக் கடன் வட்டியாகக் கட்டுகிறார் என்று நான் சொன்னால் அது மிகையாகாது.

தப்பிக்கும் வழி ஒன்று உண்டு. மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தாலும் வேறு வங்கிக்கு மாற்றினாலும் அபராதம் கிடையாது. இரண்டு மூன்று ஆண்டு ஒழுங்காகக் கட்டி, மதிப்பெண்ணை ஏற்றிக்கொண்டு, வங்கிக்கு 'டேக் ஓவர்' கேட்கலாம். நிலத்தின் காகிதம் சரியாக இருந்தால்தான் வங்கி எடுத்துக்கொள்ளும். மறுபடி அங்கேதான் போய் நிற்கிறோம்.

அரசு உதவியை நம்பிக் கணக்குப் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதமர் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், ஆண்டு வருமானம் 9 லட்சம் வரை உள்ளவர்களுக்கு அதிகபட்சம் 1.8 லட்சம் ரூபாய் வட்டி மானியம் ஐந்து தவணையாகக் கிடைக்கும். அது நகர்ப்புறத் திட்டம் என்பதால் உங்கள் மனை அதன் எல்லைக்குள் வருகிறதா என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டில் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு.

தவணை தவறினால் நடப்பது வேகமானது. 90 நாள் பாக்கி நின்றால் வாராக் கடன். பிறகு 60 நாள் கெடு கொடுத்து நோட்டீஸ். அதற்குப் பதில் எழுதலாம், எழுதினால் வங்கி விளக்கம் தந்தாக வேண்டும். நோட்டீஸைக் கண்டதும் பயந்து ஒளிந்துகொள்கிறவர்கள் இந்த வாய்ப்பை இழக்கிறார்கள். சொத்தைக் கையகப்படுத்தினால் 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஆலை மூடல், வேலை இழப்பு என்று தெரிந்தவுடன், பாக்கி நிற்பதற்கு முன்பே, கிளை மேலாளரிடம் எழுத்தில் சொல்லிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

முன்பணம் கொடுக்கப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டுதான். கிரய ஒப்பந்தத்தில் 'வங்கி வக்கீல் சொத்தை ஏற்காவிட்டால் முன்பணம் முழுவதும் திரும்பத் தரப்படும்' என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அதை எழுத மறுக்கும் விற்பனையாளரிடம் அந்த மனையை வாங்காதீர்கள். அடுத்து, கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் 'கே.எஃப்.எஸ்.' எனப்படும் முக்கியத் தகவல் தாளைக் கேளுங்கள். எல்லாக் கட்டணமும் சேர்த்த ஆண்டு வட்டி, தவணை அட்டவணை, அபராதங்கள் எல்லாம் அதில் இருக்கும். 2024 அக்டோபர் முதல் அதைத் தருவது கட்டாயம். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பதால் தமிழிலேயே கேட்கலாம். வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்து முடிவு செய்யக் குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசமும் உண்டு, அதுவரை அந்த நிபந்தனைகளுக்கு வங்கி கட்டுப்பட்டாக வேண்டும்.